நான்கு மணி என்றுதான் படித்தேன்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது என் கடையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், எழுந்து வெளியே போய்ப் பேசுங்கள் என்று சொல்கிறவள் நான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன். எனக்குக் கோபம் வரும், அது இந்த ஊருக்கே தெரியும். பயம் வந்ததில்லை. அதனால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடுவில் மட்டும் சிரிக்காதீர்கள். ஏற்கெனவே சிரித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து பஜார் பக்கம் நடந்தால் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் கடை. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்களே, அதில் ஒரு பெண் குரல் ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், கும்பாபிஷேகம் என்று சொல்லிக்கொண்டே போகுமே, இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது என் குரல்தான். சின்ன அறை, எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான். இறப்புச் செய்தியும் படிப்பேன். அதற்கு மட்டும் குரலை இறக்கி, வேகத்தைக் குறைத்துப் படிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஒரே மூச்சில் படித்து, பென்டிரைவில் ஏற்றி, வண்டிக்காரர் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். சாவு வீட்டுக்காரரைக் காக்க வைக்கக் கூடாது என்பது என் கடையில் சட்டம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, சித்திரை வெயில். காலை பத்து மணி தாண்டியிருக்கும். ஏகாம்பரம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். ஏகாம்பரம் லோடு ஆட்டோ வைத்திருப்பவர், என் பதிவுகளில் பாதி அவர் வண்டியில்தான் போகும். கூட வந்தவர் பெயர் தேவராஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம். மாகறல் பக்கம், செய்யாற்றை ஒட்டி ஓர் ஊர். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது. அவருடைய அண்ணன் விடியற்காலையில் இறந்துவிட்டார். நிலம் நீச்சு உள்ள குடும்பம், சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் உறவு. ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். இன்னார் காலமானார், இன்று மாலை நான்கு மணி அளவில் அன்னாரது இல்லத்திலிருந்து இறுதி ஊர்வலம் புறப்படும்.

"சீக்கிரம் முடிச்சி குடும்மா. வேல தலைக்கி மேல கீது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மின்விசிறியை நிறுத்தினேன், கதவைச் சாத்தினேன், படித்தேன். போட்டுக் கேட்டால் நடுவில் படபடவென்று ஒரு சத்தம். கொதிக்கிற எண்ணெயில் ஈரக் கையை உதறினால் தெறிக்குமே, அந்த மாதிரி. சரி, ஏதோ என்று இன்னொரு தடவை படித்தேன். மறுபடியும் தெறிப்பு. மூன்றாவது தடவையும் அப்படியே.

எனக்கு ரஃபி மேல்தான் முதல் கோபம் போனது. ரஃபி கம்ப்யூட்டர் மெக்கானிக், எனக்குத் தம்பி மாதிரி. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பழைய சவுண்ட் கார்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுவிட்டு, இனி பல வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவன். போனில் கூப்பிட்டு நன்றாகத் திட்டினேன். சாவு வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், நீ மாட்டிக் கொடுத்த லட்சணம் இது என்று. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னான். மைக்கை முன்பக்கத் துளையில் சொருகியிருந்தால் எடுத்துப் பின்பக்கத்தில் சொருகச் சொன்னான். சொருகினேன். மைக் வயரை மாற்றச் சொன்னான், மாற்றினேன். டியூப் லைட்டை அணைக்கச் சொன்னான், யு.பி.எஸ்.ஸைக் கழற்றி நேராகச் சுவர் பிளக்கில் போடச் சொன்னான். எல்லாம் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் தெறிப்பு.

பக்கத்தில் செல்போன் இருந்தாலும் அப்படி வரும் என்றான். தேவராஜின் போன் அப்போதுதான் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்ப்பார், வெட்டுவார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி வரும், மறுபடி வெட்டுவார். ஒரு தடவை மட்டும் எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, "நீ வந்து இன்னா ஆவப்போது, அங்கியே கெட" என்று சொல்லி வைத்துவிட்டார். யாரோ கடன்காரன் போல என்று நினைத்தேன். ஐயா, அந்தப் போனைக் கீழே ஜெராக்ஸ் கடையில் வைத்துவிட்டு வாங்க, இரைச்சல் அதனால்கூட இருக்கலாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் ஏகாம்பரம் கையில் கொடுத்துக் கீழே அனுப்பினார். நான் படித்தேன். தெறிப்பு அப்படியே இருந்தது.

"இன்னாம்மா இது பேஜாரு. உருப்படியா ஒரு மிசினு வச்சிக்க மாட்டியா" என்றார்.

அந்த வார்த்தைக்கு அவரை எழுந்து போகச் சொல்லியிருப்பேன். செத்தவர் வீட்டு ஆள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆத்திரத்தையெல்லாம் கம்ப்யூட்டர் மேல் காட்டினேன். மூடியைத் திறந்து, ரஃபி போனில் சொல்லச் சொல்ல அந்தக் கார்டைப் பிடுங்கி, அதன் பொன்நிறப் பல்லையெல்லாம் பென்சில் ரப்பரால் தேய்த்து, வேறு துளையில் அழுத்திச் சொருகினேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். பதிவு வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில் கார்டையே கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் சொந்தச் சவுண்டில் பதிவு செய்தேன். அதிலும் தெறிப்பு.

அப்போது ரஃபி ஒன்று சொன்னான். "அக்கா, வேற ஏதாச்சும் படிச்சிப் பாருங்க. எதுல வர்துன்னு பாப்போம்." சொல்லிவிட்டு, குளித்துவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்ப வேண்டும், இனி இரண்டு மணிக்கு மேல்தான் போன் எடுப்பேன் என்று வைத்துவிட்டான். அதற்கும் கோபம். தொழுகைக்குப் போகிறவனைக் கோபித்துக்கொள்ள முடியுமா, ஆனாலும் கோபம்.

மேசையில் கிடந்த ஒரு துணிக்கடை விளம்பரத்தைப் படித்தேன். கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. இறப்புச் செய்தியைப் படித்தேன், தெறிப்பு. அப்போதுதான் முதல் முறையாக அந்தத் தெறிப்பு எங்கே விழுகிறது என்று நின்று கவனித்தேன். அதுவரை ஆத்திரத்தில் அதைப் பார்க்கவே இல்லை. இதுவரை படித்த எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரே இடம். 'நான்கு மணி' என்கிற இடத்தில் மட்டும். 'மாலை' சுத்தமாக வருகிறது, 'அளவில்' சுத்தமாக வருகிறது. நடுவில் அந்த இரண்டு சொல்லின் மேல் மட்டும் எண்ணெய் தெறிக்கிறது.

நம்ப மாட்டீர்கள், நான் அதையும் சோதித்தேன். வெறுமனே 'நான்கு மணி, நான்கு மணி' என்று பத்துத் தடவை சொல்லிப் பதிவு செய்தேன். சுத்தம். துணிக்கடை விளம்பரத்தில் மாலை நான்கு மணி என்று சேர்த்துப் படித்தேன். சுத்தம். இறப்புச் செய்தியில் நேரத்தை நடுவிலிருந்து எடுத்து வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்துப் படித்தேன். தெறிப்பும் தொடக்கத்துக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் உனக்கு மயிர்க்கூச்செடுக்கவில்லையா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. என் கடையில், என் மேசையில், நான் வாயால் சொல்கிற ஒரு சொல்லை இந்தத் தகர டப்பா வேண்டாம் என்கிறதே என்ற எரிச்சல்தான் எனக்கு. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. தேவராஜ் எழுந்து நின்றுகொண்டு, வேறு கடை இல்லையா, காஞ்சிபுரம் போயிருந்தால்கூட முடிந்திருக்கும் என்று ஏகாம்பரத்திடம் குதித்துக்கொண்டிருந்தார். கார்டை மறுபடி உள்ளே சொருகினேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்து வாய்விட்டே கத்தினேன்.

"உனக்கு இன்னா வேணுமோ நீயே பண்ணிக்கோ. எனக்கு இது முடியணும்."

படித்தேன். நான்கு மணி என்றுதான் படித்தேன். என் பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான்கு மணி.

போட்டுக் கேட்டேன். ஒரு தெறிப்பு இல்லை. மறுபடி கேட்டேன், இல்லை. ஹெட்போனைத் தேவராஜ் காதில் மாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். "சரியா கீது. ஏத்திக் குடு" என்றார். நான்கு மணி என்பது அவர் காதிலும் நான்கு மணியாகத்தான் விழுந்தது. இல்லாவிட்டால் அந்த ஆள் அங்கேயே என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். சுற்றியிருக்கிற ஊர்களிலெல்லாம் போட்டுவிட்டு, கடைசியாக உத்திரமேரூர் பஜாரில் ஒரு சுற்றுப் போடச் சொன்னார். சொந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், அங்கே வண்டி வேண்டாம் என்றார். இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

மூடியைத் திறந்துபோட்ட கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சாப்பிட உட்கார்ந்தேன். கோபத்தில் சோறு இறங்கவில்லை. மணி இரண்டே கால் இருக்கும், பஜாரில் ஏகாம்பரத்தின் வண்டிச் சத்தம் கேட்டது. என் குரல் வந்தது. சொந்தக் குரலை யாரும் கவனிப்பதில்லை, நானும் கவனிக்கவில்லை. பெயர் வந்தது, ஊர் வந்தது. பிறகு 'இன்று மாலை ஆறு மணி அளவில்' என்று வந்தது.

கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

வண்டி திரும்பி வரும்வரை ஜன்னலில் நின்றேன். மறுபடியும் அதே. ஆறு மணி. என் குரல், என் இழுப்பு, இறப்புச் செய்திக்கு நான் குரலை இறக்குகிற அதே அளவு. எச்சில் கையோடு இறங்கி ஓடி வண்டியை மறித்தேன். ஏகாம்பரத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்கதானேக்கா ஆறுன்னு சொல்லிகீறீங்க. நானும் யோசிச்சேன், ஆறு மணிக்கா எடுப்பாங்க, பொயுது போயிடுமேன்னு. பெரிய குடும்பம், யார்னா தூரத்துலருந்து வரணும்போலன்னு வுட்டுட்டேன்."

அவரை மாடிக்கு இழுத்துப் போனேன். முதலில் என் கம்ப்யூட்டரில் இருந்த பதிவைப் போட்டேன். நான்கு மணி. பிறகு அவருடைய பென்டிரைவைச் சொருகி அதைப் போட்டேன். ஆறு மணி. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே நீளம், பதிவான நேரம் நிமிடம்கூட ஒன்றுதான். ஒன்றிலிருந்து மற்றதை நான் என் கையால் நகல் எடுத்திருக்கிறேன். ஏகாம்பரம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். நடுவில் யாரிடமாவது கொடுத்தீர்களா என்று அவரையும் கத்தினேன். வண்டியில் இன்னாத்த வெச்சி மாத்துவாங்க, எனக்கு ஸ்டேரிங் பிடிக்கத்தான் தெரியும் என்றார் பாவம்.

உடனே தேவராஜுக்குப் போன் போட்டேன். வெட்டினார். மறுபடி போட்டேன், வெட்டினார். தெரியாத நம்பர் எதையும் அவர் அன்றைக்கு எடுக்கவில்லை, ஏன் என்று பின்னால்தான் தெரிந்தது. ஏகாம்பரம் தன் போனிலிருந்து போட்டபோது ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் சொல்லுங்கள் என்று அவரை விரட்டினேன். போனார்.

அங்கே நடந்ததை ஏகாம்பரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் போய்ச் சேரும்போது மணி மூன்றரையாம். விஷயத்தைச் சொன்னதும் தேவராஜ் எல்லோர் எதிரிலும் அவரைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். பிறகு உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார். எல்லோரும் வண்டியில் ஆறு என்றுதானே சொன்னார்கள், மெதுவாகக் கிளம்பலாம் என்று இருந்தோம் என்றார்களாம். முக்கியமாக, இறந்தவர் மனைவியின் அண்ணன் தம்பிகள் கோடித் துணி கொண்டுவர வேண்டும், அது வராமல் எடுக்க முடியாது. ஆறு மணிதானே என்று அவர்கள் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார்கள். வரும்போது ஐந்தரை ஆகிவிட்டது. அவர்கள் வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், பேருந்து நிறுத்தத்திலிருந்து தலைவிரி கோலமாக ஓடி வந்தாளாம். தேவராஜ் வாசலில் குறுக்கே நின்றிருக்கிறார். கோடி கொண்டுவந்த மாமன்மார் அவரைத் தள்ளிவிட்டு அவளை உள்ளே கூட்டிப்போனார்களாம்.

அவள் இறந்தவரின் ஒரே மகள். விஜயா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் தானே ஒருவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் போனவள். அதிலிருந்து அந்த வீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தியது சாத்தியதுதான். அப்பாவும் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லையாம்.

மறுநாள் பால் தெளித்த கையோடு தேவராஜ் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார். ஜெராக்ஸ் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர் எல்லோரும் படியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அவகிட்ட இன்னா வாங்கின? எவ்ளோ வாங்கின, சொல்லு" என்றார்.

"எவகிட்ட?"

"எங்க அண்ணன் பொண்ணுகிட்ட. ஆறு மணி வரைக்கும் வையி சித்தப்பா, ஆறு மணி வரைக்கும் வையி சித்தப்பான்னு போன்ல உயிர எடுத்தா. நான் மாட்டேன்னேன். நீ அதே ஆற கொண்டாந்து ஊரெல்லாம் சொல்லிட்ட."

அப்போதுதான் எனக்கு அந்தப் போன் புரிந்தது. என் எதிரிலேயே வெட்டி வெட்டி வைத்தாரே, அந்தப் போன். கடன்காரன் இல்லை. பெற்ற மகள் அப்பன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நேரம் குறித்துக்கொண்டு வந்து, அதை என் வாயால் ஊருக்குச் சொல்ல வைத்திருக்கிறான். நானும் காலையிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் அந்தக் காரியத்துக்காக உயிரைக் கொடுத்து மல்லுக்கட்டியிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் இவர் என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. என்னென்ன சொன்னேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். பிறகு ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, படியில் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் என் கம்ப்யூட்டரில் இருந்த பதிவைப் போட்டேன். நான்கு மணி என்று தெளிவாக வந்தது. ஏகாம்பரம் விட்டுப்போன பென்டிரைவையும் போட்டேன். ஆறு மணி.

"நீ வாங்கிப் போனது எது? காதால கேட்டுட்டுத்தானே போன?" என்றேன்.

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு இதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒட்டு வேலை, யாருக்குக் காது குத்துகிறாய் என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அதோடு முடிந்ததா? இல்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் காசு வாங்கிக்கொண்டு சாவு நேரத்தை மாற்றினவள் என்று என்னைப் பேசினார்கள். பஜாரில் இன்னொரு கூட்டம், பேய் புகுந்த கம்ப்யூட்டர் என்று சொல்லிச் சிரித்தது. இரண்டில் எதன் மேல் அதிகக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. ரஃபி வந்து ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தான். கார்டைத் தன் கடைக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் வேறு மெஷினில் ஓட்டினான். ஒரு பழுது இல்லை. அந்த ஆறு மணிப் பதிவைத் திரையில் பெரிதாக்கி, மயிரிழை மாதிரி நீட்டி நீட்டிப் பார்த்தான். வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தால் ஓரம் தெரியும், இதில் ஓரமே இல்லை, ஒரே மூச்சில் சொன்னதுதான் என்றான். என்னைக் கொஞ்சம் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே, நீங்களே மறந்துபோய் ஆறு என்று படித்திருக்கலாமே என்றான். அன்றைக்கு அவனுக்கு டீ கொடுக்காமல் அனுப்பினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விஜயா வந்தாள். கணவரைக் கீழேயே நிறுத்திவிட்டுத் தனியாக மாடியேறி வந்து, நிலைப்படியில் நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது.

"எனக்குக் கும்பிடு போடாதம்மா. நான் பண்ணல" என்றேன்.

"பரவால்லக்கா. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"அய்யோ, நான் பண்ணலன்னு சொல்றேன். நான் நாலுன்னுதான் படிச்சேன். உன்னை எனக்குத் தெரியவே தெரியாது. உங்க சித்தப்பன் தாளைக் குடுத்தாரு, படிச்சேன்."

அவள் உட்கார்ந்தாள். தேவராஜைத் தவிர வேறு யாரிடமும் நேரத்தைப் பற்றித் தான் பேசவில்லை என்றாள். பக்கத்து வீட்டு அம்மா போன் செய்து சொல்லித்தான் சாவே தெரியுமாம். எட்டரைக்குப் பேருந்து ஏறி, நின்ற இடத்திலெல்லாம் யார் யார் போனையோ வாங்கி வாங்கிப் பேசிப் பார்த்திருக்கிறாள். விழுப்புரம் தாண்டும்போது, சரி, இனி முகம் பார்க்க முடியாது என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டாளாம். பதிவைக் கேட்க வேண்டும் என்றாள். பென்டிரைவைப் போட்டேன். ஒரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அழவில்லை.

"நீங்க சொல்லலன்னா யாருக்கா சொன்னது?" என்று கேட்டாள்.

என் தொண்டைதான், என் குரல்தான். வேறு யாரைச் சொல்வது? தன் போனில் அதை ஏற்றிக்கொடுக்கச் சொன்னாள், ஏற்றிக் கொடுத்தேன். போகும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நான் செய்யாத நல்லதுக்கு ஒருத்தி கும்பிடுகிறாள், நான் செய்யாத கெட்டதுக்கு ஓர் ஊரே திட்டுகிறது. என் குரலை என்னைக் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது யாராக இருந்தாலும், நல்ல காரியத்துக்கே எடுத்திருந்தாலும், என் எதிரில் வந்தால் நான் சும்மா விடமாட்டேன். இதை நான் கோயிலில் சாமி எதிரிலேயே சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஐப்பசியில் ஒரு நாள், நல்ல மத்தியான நேரம், ஏகாம்பரம் ஒரு பேக்கரி விளம்பரம் வாங்க வந்தார். நான் பழைய பதிவுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன், பென்டிரைவில் இருந்த அந்த ஆறு மணிப் பதிவு வந்தது. அழிப்பதா வேண்டாமா என்று யோசித்தபடி ஹெட்போனை அவரிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். தெருவில் ஸ்பீக்கரில் கேட்டதுதான் அவர், ஹெட்போனில் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் தலையைத் தூக்கி அறையைச் சுற்றிப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்றார். இந்த அறையில் ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கிறது, பதிவு செய்யும்போது மின்விசிறிகூட ஓடாது என்றேன். நானும் மாட்டிக்கொண்டு சத்தத்தை முழுவதும் ஏற்றி வைத்துக் கேட்டேன். இருந்தது. 'மாலை' என்பது வரைக்கும் ஒன்றும் இல்லை. 'ஆறு மணி' என்ற சொல்லுக்கு அடியில் மட்டும், தூரத்தில், கம்மென்று ஒரு மோட்டார் ஓடுகிறது. 'அளவில்' என்று வருவதற்குள் நின்றுவிடுகிறது.

ஏகாம்பரம் மறுபடியும் வாங்கிக் கேட்டார். அந்த ஒரு சொல்லை மட்டும் நாலைந்து தடவை. பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் மெதுவாக வைத்தார்.

"அக்கா, இது ஃப்ரிட்ஜ் இல்ல. இது பொணம் வெக்கிற ஐஸ் பொட்டி. வாரத்துக்கு ரெண்டு பொட்டி நான்தான் ஏத்தி எறக்கறேன், இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அன்னிக்கி அவங்க வூட்ல, அந்தப் பொண்ணோட அப்பாவ வெச்ச பொட்டியும் ஓடிக்கினுதான் இருந்திச்சி."

பேக்கரி விளம்பரத்தை வாங்கிக்கொள்ளாமலே இறங்கிப் போய்விட்டார். நான் அதை இன்னும் அழிக்கவில்லை. ஹெட்போனில் மட்டும் கேட்பதில்லை.